முக்கால் பங்கு

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1988-இல் ஒரு துணிச்சலான வேலையில் இறங்கியது. தகவல் தொழில்நுட்பம் பற்றிய அறிமுகப் பாடத்தில் சேர்ந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை, அவரவர் வீட்டில் இருந்தபடியே கணினி வழியாக ஒருவரோடு ஒருவர் பேச வைத்தது. இணையம் பொதுமக்கள் கைக்கு வந்திராத காலம். ஒரு கணினி, ஒரு மோடம், வீட்டுத் தொலைபேசி, 'கோசி' என்றொரு மென்பொருள், அவ்வளவுதான். கல்லூரி வளாகத்தைப் போலவே அதற்குள்ளும் இடங்களைப் பிரித்து வைத்தார்கள். பாடம் பேச ஓரிடம், ஆசிரியரோடு சிறு குழுவாகக் கூட ஓரிடம், சும்மா பேசிக்கொண்டிருக்க ஓரிடம். தொலைபேசிக் கட்டணம் மாணவர் தலையில் விழுந்தது. ஒதுக்குப்புற ஊர்க்காரர்களுக்கு இணைப்பு மையம் தொலைவு என்பதால் கட்டணமும் கூடுதல்.

அந்த அனுபவத்தை ராபின் மேசனும் ஆந்தனி கேயும் 1989-இல் 'மைண்ட்வீவ்' என்ற நூலாகத் தொகுத்தார்கள். அந்தப் பாடத்திலிருந்து கிடைத்த செய்தி ஒன்று என்னை இன்றும் விடவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் பேசினார்கள். இன்னொரு பங்கினர் மற்றவர்கள் எழுதியதைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் அந்தப் பக்கம் அதிகம் வரவே இல்லை. தொலைநிலைக் கல்வியில் வணிகவியல் நடத்தும் எனக்கு இது பழங்கதையாகத் தெரியவில்லை. மோடம் போய், செல்பேசி வந்து, டேட்டாவும் மலிந்துவிட்டது. இன்றும் என் மாணவர் பட்டியலை எடுத்து வைத்தால் ஏறக்குறைய இதே மூன்று கூட்டம்தான் கண்ணில் படுகிறது.

அந்த நூல் வந்த அதே 1989-இல், அமெரிக்காவில் ஃப்ரெட் டேவிஸ் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றும் வெளிவந்தது. ஒரு புதிய கருவியை ஒருவர் ஏற்பாரா மாட்டாரா என்பதை முன்கூட்டிச் சொல்ல இரண்டு கேள்விகள் போதும் என்றார் அவர். இது என் வேலைக்குப் பயன்படுமா? இதைச் சிரமமில்லாமல் கையாள முடியுமா? ஐபிஎம் நிறுவனத்தின் டொரண்டோ ஆய்வுக்கூடத்தில் மின்னஞ்சலையும் எழுத்துகளைத் திருத்தும் ஒரு மென்பொருளையும் பயன்படுத்திக்கொண்டிருந்த ஊழியர்களை வைத்து அவர் இதைச் சோதித்தார். அன்றிலிருந்து இந்த இரண்டு கேள்விகளும் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. இணையவழி மாணவர்கள் கூட்டுக் கற்றல் கருவிகளை ஏற்கிறார்களா என்று ஆராயும் எம்ஃபில், பிஎச்டி ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றைப் புரட்டினால் அடியில் டேவிஸ் இருப்பார். 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸும் இன்னும் இருவரும் சேர்ந்து அந்த மாதிரியை விரித்தபோது, நமக்கு வேண்டியவர்கள் அந்தக் கருவியைப் பயன்படுத்தச் சொல்கிறார்களா, வசதி இருக்கிறதா என்பவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நல்ல ஆய்வுகள்தான். ஆனால் அவை பிறந்த இடத்தை மறந்துவிடக் கூடாது. அலுவலக மேசையில் ஓர் ஆளும் ஒரு மென்பொருளும். மென்பொருள் ஆளைப் பார்த்துச் சிரிக்காது. நான் தட்டச்சு செய்த பிழையைப் படித்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரனிடம் சொல்லாது. கூட்டுக் கருவி என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே மாணவருக்குள் எழும் முதல் கேள்வி பயனைப் பற்றியது என்றோ எளிமையைப் பற்றியது என்றோ எனக்குத் தோன்றவில்லை. 'எனக்குத் தெரியவில்லை என்பதை இங்கே சொன்னால் என்ன ஆகும்?' என்பதுதான் அது. இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதவரை எந்தக் கருவியையும் அவர் ஏற்க மாட்டார். விடை கிடைத்துவிட்டால் எந்த ஓட்டைக் கருவியையும் வைத்துச் சமாளித்துக்கொள்வார்.

கூகுள் டாக்ஸில் குழுவாக எழுதும்படி ஒரு வேலை கொடுத்திருந்தேன். தேய்மானம் கணக்கிட நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை இரண்டையும் ஒப்பிட்டு ஓர் எடுத்துக்காட்டோடு எழுத வேண்டும். இரவு ஒன்பதரை மணிவாக்கில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மேல் மூலையில் வண்ண வட்டங்கள். கணக்கில் நுழையாமல் வெறும் இணைப்பின் வழியாக வருகிறவர்களுக்கு கூகுள் விலங்குகளின் பெயரை வைக்கும். ஒரு நீர்நாய், ஒரு கேப்பிபாரா, பெயர் தெரியாத இன்னொன்று. பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. தலைப்புக்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டே நின்றது. 'தேய்மானம் என்பது' என்று இரண்டு சொல் விழுந்தது, உடனே பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. மறுபடி கர்சர் நின்றது. என் வட்டத்தில் என் பெயர் இருக்கிறது, நான் உள்ளே வந்தது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். சற்று நேரத்தில் நீர்நாய் போய்விட்டது. நானும் வெளியே வந்துவிட்டேன்.

அதே இரவில் அவர்கள் தாங்களாகவே வைத்திருந்த வாட்ஸாப் குரூப்பில் நடந்ததைப் பிறகொரு நாள் நேர்முக வகுப்புக்கு வந்தபோது ஒரு மாணவி காட்டினார். முதலில் நோட்டுப் பக்கத்தின் படம், அடித்துத் திருத்திய கணக்கு. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, ரெண்டாவது வருஷ தேய்மானத்த வாங்குன விலையில போடணுமா, மிச்சத்துல போடணுமா? எனக்கு ரெண்டு மாதிரியும் வருது." அதற்குப் பதில், இன்னொரு பெண்ணின் தணிந்த குரலில்: "மிச்சத்துல பாப்பா. குழந்தை தூங்குது, மெதுவாத்தான் பேசுவேன், ஹெட்செட் போட்டுக் கேளு. இப்ப எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ நாலு லட்சத்துக்கு வாங்குனாருன்னு வச்சுக்க. வருஷத்துக்குப் பத்து பர்சன்ட். முதல் வருஷம் நாப்பதாயிரம் போச்சா? மிச்சம் மூணு லட்சத்து அறுபது. அடுத்த வருஷம் அதுக்குத்தான் பத்து பர்சன்ட், முப்பத்தாறாயிரம். வண்டி பழசாக ஆகக் கழிக்கிற காசும் குறைஞ்சிட்டே வரும். மொத முறையில அப்படி இல்ல, வருஷா வருஷம் அதே நாப்பதாயிரம்தான்."

இதைவிடத் தெளிவாக நான் அந்தப் பாடத்தை நடத்தியதில்லை. பேசியவர் கூகுள் டாக்ஸில் ஓர் எழுத்துகூடப் பதியாதவர். கணக்கெடுப்புப் படிவம் அவரைக் 'கூட்டுக் கருவியை ஏற்காதவர்' என்று ஒரு கட்டத்தில் போட்டு மூடியிருக்கும்.

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்வி எப்படித் தேறுகிறது என்பதைப் பங்கு போட்டுச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் கைக்கு வரும். உடன் பயில்பவர்களோடு பழகிப் படிப்பதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். இலக்கணம் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். கல்வித் தொழில்நுட்பம் பேசுகிற நம் கருத்தரங்குகளில் மட்டும் யாரும் இதை எடுப்பதில்லை.

அந்த முதல் கால் பங்கை இணையவழிக் கல்வி இன்று பிரமாதமாகச் செய்து முடித்துவிட்டது. 2003-இல் தொடங்கிய என்பிடிஇஎல், 2017-இல் வந்த ஸ்வயம், இன்னும் எத்தனையோ இணையப் பாடத் தளங்கள். ஐஐடி பேராசிரியர் ஒருவரின் விரிவுரையைத் தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற பையன் நிறுத்தி, பின்னே ஓட்டி, மறுபடி கேட்கலாம். இது சின்ன விஷயமில்லை. நான் படித்த காலத்தில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும். ஆனால் பவணந்தியின் மற்ற முக்கால் பங்குக்கு மனிதர்கள் வேண்டும். கூட்டுக் கருவிகள் எல்லாம் அந்த முக்காலுக்காக வந்தவை. அங்கேதான் தடுமாறுகிறோம்.

இந்தத் தடுமாற்றத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியவர் யூரி ட்ரைஸ்மன். கருவிகளுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வு மாணவராக இருந்தவர். அங்கே கறுப்பின மாணவர்கள் கால்குலஸ் பாடத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். காரணம் என்னவென்று ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, குடும்பத்தில் படிப்புக்கு ஆதரவில்லை, வறுமை என்று தயாராகப் பதில்கள் வந்தன. அவர் அந்தப் பதில்களோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. 20 கறுப்பின மாணவர்கள், அதே பாடத்தில் நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர், இவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைக் கூடவே இருந்து மாதக்கணக்கில் பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கறுப்பின மாணவர்கள் ஊக்கத்தோடுதான் வந்திருந்தார்கள், வீட்டில் அவர்கள்மீது உயிரையே வைத்திருந்தார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லோரும் தனியாகப் படித்தார்கள். படிப்பு வேறு, நட்பு வேறு என்று கோடு போட்டு வாழ்ந்தார்கள். சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் கணக்குப் போட்டார்கள். பிறகு மாலையில் கூடிச் சமைத்து, சாப்பிட்டுவிட்டு, விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் ஆங்கிலத்தை ஒருவர் திருத்தினார்கள். அண்ணன் முறையிலோ உறவு முறையிலோ மூத்தவர் ஒருவர் வந்து கேள்வி கேட்டுச் சோதித்தார். பழைய வினாத்தாள்களைச் சேர்ந்து போட்டுப் பார்த்தார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்பது அதில் ஒவ்வொருவருக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

அதன் பிறகு ட்ரைஸ்மன் செய்ததுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்கான உதவி வகுப்பு என்று அவர் எதையும் வைக்கவில்லை. நீங்கள் கெட்டிக்காரர்கள், கடினமான கணக்குகளைச் சேர்ந்து போட வாருங்கள் என்று அழைத்தார். ஒரு மேசை, கரும்பலகை, தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கணக்குகள். தோற்றவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பிறகு அமெரிக்காவில் வேறு பல பல்கலைக்கழகங்களும் அந்த வழியைப் பின்பற்றின.

இதை நம் ஊரோடு வைத்துப் பார்க்கிறேன். இணையவழி மாணவர்கள் ஏன் கூட்டுக் கருவிகளைத் தொடுவதில்லை என்று பணிமனைகளில் கேட்டால் டிஜிட்டல் அறிவு போதாது என்ற பதில் உடனே வரும். வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் போட்டுப் புடவை விற்று, ஜிபேயில் பணம் வாங்கி, கூரியர் அனுப்பிவிட்டு அதைக் கணக்கிலும் ஏற்றுகிற பெண் எங்கள் பாடத்தில் படிக்கிறார். அவருக்கா டிஜிட்டல் அறிவு போதாது? ட்ரைஸ்மன் விசாரித்த ஆசிரியர்களைப் போலத்தான் நாமும் குறையை மாணவர் பக்கம் தள்ளிவிட்டு நகர்கிறோம்.

அதற்காக வாட்ஸாப் குரூப்பை ஒரு குருகுலமாகப் போற்றிவிட நான் தயாரில்லை. ஒருவர் போட்ட விடையின் படத்தை நாற்பது பேர் பார்த்து எழுதுவதும் அங்கேதான் நடக்கிறது. தவறான விடை ஒன்று காலையில் புறப்பட்டால் மாலைக்குள் எல்லோர் நோட்டிலும் ஏறிவிடும். ட்ரைஸ்மன் பார்த்த மாணவர்கள் தனியாக மல்லுக்கட்டிவிட்டுத்தான் கூடினார்கள். அந்தத் தனி நேரம் இல்லாமல் கூடினால் அது வெறும் பந்தி. இதைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் வேலை. மென்பொருள் செய்யாது.

பெண்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. குரூப்பில் சேர்ந்த நொடியில் செல்பேசி எண் அத்தனை பேர் கைக்கும் போய்விடுகிறது. சேர்ந்த அன்று இரவே முகம் தெரியாத ஒருவரிடமிருந்து 'ஹாய்' வருகிறது, மறுநாள் டிபி நன்றாக இருக்கிறது என்று வருகிறது. கணவரோ மாமியாரோ அந்தச் செல்பேசியை எடுத்துப் பார்க்கக்கூடிய வீடு. அந்தப் பெண் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். பெண்கள் மட்டும் தனியாக ஒரு குரூப் தொடங்கிக்கொள்வது இதனால்தான். எண்ணைக் காட்டாமல் பேச வழி செய்கிற அதிகாரபூர்வ இடம் உண்மையில் இவர்களுக்குத்தான் மிகவும் தேவை. அங்கே போனாலோ ஆங்கிலம், சுற்றறிக்கை நடை, 'டியர் ஆல்'.

இந்த அதிகாரபூர்வ இடங்களில் மார்க் ஒரு தனிச் சிக்கல். என்பிடிஇஎல் சான்றிதழ்ப் படிப்பில் வாராந்தர அசைன்மென்டுக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75. கலந்துரையாடலுக்குத் தனி மார்க் இல்லை, அதனால் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சரி, மார்க் வைத்தால்? ஒருவர் எழுதியதற்கு இரண்டு பதில் கட்டாயம் என்று வைக்கும் பாடங்களும் உண்டு. கடைசி நாள் இரவில், 'நல்ல கருத்து, நானும் உடன்படுகிறேன்' என்று வரிசையாக வந்து விழும். உடன்படுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கருத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பதை மென்பொருளே காட்டிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கூகுள் டாக்ஸின் திருத்த வரலாற்றில் ஒவ்வொருவரும் எந்த நிமிடத்தில் எதைச் சேர்த்தார் என்று நிறம் பிரித்துக் காட்டும். அந்தத் தேய்மானக் கட்டுரை முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே ஒட்டாக வந்திருந்தது. லேப்டாப் வைத்திருந்த ஒரு பையன்தான் ஒட்டியவன். பத்தி பத்தியாக வாட்ஸாப்பில் தட்டச்சு செய்து அவனுக்கு அனுப்பியவர்கள் மூன்று பெண்கள். நிறத்தை நம்பி மார்க் போட்டிருந்தால் பெரிய அநியாயம் நடந்திருக்கும்.

பல கல்லூரிகளில் இன்று ஓடும் மூடுல் என்ற கற்றல் தளத்தை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு வானொலி வழியாக வந்தது. 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கிய 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' முறை அது. நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் மாட்டுப் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் இருந்த பிள்ளைகளுக்காக, பறக்கும் மருத்துவர் சேவைக்கென்று இருந்த வானொலிக் கருவிகளையே வகுப்பறையாக்கினார்கள். முதலில் ஆசிரியர் மட்டும் பேசினார். பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்கவும் நேரம் ஒதுக்கினார்கள். அப்படிக் குரல் வழியாகப் பள்ளியை அறிந்த ஒருவர், மற்றவர்கள் பார்க்கும்படி ஒன்றைச் செய்து காட்டுவதில்தான் கல்வி நிகழ்கிறது என்ற எண்ணத்தோடு 2002-இல் மூடுலின் முதல் பதிப்பை வெளியிட்டார். நாம் அதைப் பிடிஎஃப் அடுக்கும் அலமாரியாகவும் அசைன்மென்ட் போடும் பெட்டியாகவும் வைத்திருக்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். மாணவர்களை 'ஹவுஸ்'களாகப் பிரித்துக் காடுகளின் பெயரை வைத்தார்கள்: பிச்சாவரம், நீலகிரி, வயநாடு, காசிரங்கா, சுந்தரவனம். 'பாரடாக்ஸ்' என்று ஒரு விழாவும் நடக்கிறது, திரையில் மட்டும் பழகியவர்கள் அன்றைக்குச் சென்னை வளாகத்தில் நேரில் சந்திக்கிறார்கள். பிச்சாவரத்தை வாழ்நாளில் பார்த்திராத ஒரு பையன் தன்னைப் பிச்சாவரம்காரன் என்று சொல்லிக்கொள்வது விளையாட்டுபோலத் தெரியலாம். எனக்கு அது படிப்பின் மையத்தில் இருக்கிற விஷயமாகப் படுகிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே கோடைக்கால உறைவிட முகாம் நடத்தியது. ஒரு வாரம் சேர்ந்து உண்டு, பேசி, சோதனைக்கூடத்தில் வேலை செய்த பிறகு, தூரத்தில் இருந்து கேட்கும் கேள்விக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது.

எங்களைப் போன்ற சிறிய படிப்புகளுக்கு விழா எடுக்க வசதி இல்லை. முதல் சில வாரங்கள் எதற்கும் மார்க் கிடையாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். புரியாத ஓர் இடத்தை ஒவ்வொருவரும் தமிழில் எழுதலாம், குரலாகவும் போடலாம், பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். வருகிற கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை, ஒரு நாள் பொறுக்கிறேன். அந்த ஒரு நாளில் பெரும்பாலும் வேறு யாராவது சொல்லிவிடுகிறார்கள். அவர்களுடைய வாட்ஸாப் குரூப்புக்குள் நான் நுழைவதில்லை. "சார், உங்க நம்பரையும் சேர்த்துடவா?" என்று அன்பாகக் கேட்கிறார்கள். நான் போனால் அந்தக் கர்சர் அங்கேயும் வந்து நிற்கத் தொடங்கிவிடும்.

பேசாமல் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் நானே போன் செய்கிறேன். இரவுக் காவல் வேலையில் இருக்கும் ஒருவர் பருவம் முழுக்க ஒரு வரி எழுதவில்லை. கேட்டபோது எல்லாக் கேள்வியும் எல்லாப் பதிலும் வரிசையாகச் சொன்னார். டூட்டியில் உட்கார்ந்து படிக்கிறாராம். "எழுதத்தான் சார் ஒரு மாதிரி இருக்கு. எங்க அக்கா பையன் பதினொண்ணாவது படிக்கிறான், அவனுக்கும் இந்தத் தேய்மானம் வருது. அந்த லோடு ஆட்டோ கணக்கத்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.

பருவ முடிவில் மாணவர்களுக்கு ஒரு கருத்துப் படிவம் போகும். கருவி எளிதாக இருந்ததா, பயனுள்ளதாக இருந்ததா, 1 முதல் 5 வரை குறிக்கவும். அதில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். இந்தப் பருவத்தில் உங்களுக்குத் தெரியாததை யாரிடம் கேட்டீர்கள்? யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? இரண்டுக்கும் எண் வேண்டாம், எழுத இடம் விட்டால் போதும்.